ஊர் சுற்றிக்கொண்டே சம்பாதிக்கலாமா? ஃப்ரீலான்ஸர்களின் லேப்டாப் படும் பாடு!

கடற்கரை மணலில் சாய்வு நாற்காலி, மடியில் லேப்டாப், பக்கத்தில் ஓர் இளநீர். 'என் ஆபீஸ் இதுதான்' என்று கீழே ஒரு வரி. இந்த ரீலை ஏதாவது ஒரு வடிவத்தில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். எனக்கு ஒரே ஒரு சந்தேகம். பகல் 11 மணி வெயிலில் அந்த ஸ்கிரீனில் என்ன தெரியும்? சொந்த முகம்தான் தெரியும்.

கோவையில் டிசைனராக வேலை பார்க்கும் என் சித்தி பையன் போன வாரம் கேட்டான். "அக்கா, வேலையை விட்டுட்டு ஃப்ரீலான்ஸ் பண்ணலாம்னு இருக்கேன். ஊர் சுத்திக்கிட்டே சம்பாதிக்கலாம்ல?" இப்போதைய டிஜிட்டல் டெஸ்க் வேலைக்கு வருவதற்கு முன் இரண்டு வருடம் சப்டைட்டில் மொழிபெயர்ப்பு, புரூஃப் ரீடிங் என்று ஃப்ரீலான்ஸ் செய்து பிழைத்தவள் நான். அந்த அனுபவத்தில்தான் என்னைக் கேட்டான்.

ஆபீஸ் போகிறவர்கள் ஊருக்குப் போனால் லீவு. ஃப்ரீலான்ஸர் ஊருக்குப் போனால் நஷ்டம். ஒரு நாளைக்கு 1,000 ரூபாய் சம்பாதிப்பவர் ஐந்து நாள் டூர் போகிறார், செலவு 5,000 என்று வைத்துக்கொள்வோம். கையைவிட்டுப் போவது 5,000 இல்லை, 10,000. அந்த இன்னொரு 5,000-ஐக் காப்பாற்றத்தான் பைக்குள் லேப்டாப் ஏறுகிறது. ரீலில் அதைச் சுதந்திரம் என்கிறார்கள். பாதிப்பேருக்கு அது லீவு எடுக்க வழியில்லாத நிலைமை.

இரண்டு வருடத்துக்கு முன் நாங்கள் நான்கு தோழிகள் கொடைக்கானல் போனோம். (2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயம். அதை எடுத்ததும் அவசர வேலை என்று லேப்டாப்பைக் கட்டிக்கொண்டு வந்த அதே தோழிதான்.) அவள் வீடியோ எடிட்டர். ஒரு கல்யாண வீடியோவை முடித்து, மொத்தம் 40 ஜிபி ஃபைலை க்ளையன்ட்டுக்கு அனுப்ப வேண்டும். ஹோம்ஸ்டே விளம்பரத்தில் 'வைஃபை உண்டு' என்று இருந்தது. உண்மைதான், இருந்தது. ஆனால், அப்லோடு வேகம் 5 எம்பிபிஎஸ். கணக்குப் போட்டுப் பாருங்கள், விடாமல் ஓடினாலும் கிட்டத்தட்ட 18 மணி நேரம். மழைக்கு நடுவில் கரன்ட் வேறு இரண்டு முறை போனது. நாங்கள் மூவரும் பில்லர் ராக்ஸ் போய்விட்டுத் திரும்பினால், கம்பளியைப் போர்த்திக்கொண்டு சதவிகிதத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். 61. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு 74. அவள் பார்த்த கொடைக்கானல் அந்த ஜன்னல் அளவுதான். அறை வாடகையில் கால் பங்கை மட்டும் சரியாகக் கொடுத்துவிட்டாள்.

அதே பயணத்தில் நானும் வேலை பார்த்தேன். விடியற்காலையில் எழுந்து ஒன்றரை மணி நேரத்தில் சப்டைட்டில் ஃபைலை முடித்து அனுப்பினேன். சில கேபி அளவுள்ள ஃபைல், மொபைல் ஹாட்ஸ்பாட்டே போதும். இதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை. எழுத்து வேலை பையில் அடங்கும், வீடியோ வேலை அடங்காது. 'எங்கிருந்தும் வேலை பார்க்கலாம்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்கள் இந்த வித்தியாசத்தைச் சொல்வதே இல்லை.

இதற்கு நேர்மாறான ஓர் அனுபவமும் எனக்கு உண்டு. தாத்தா இறந்த வருடம் அது. இலஞ்சி பக்கத்தில் ஆச்சி தனியாக இருந்தார். காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பியாக வேண்டும். பெரியப்பா மகனுக்கு ஆபீஸில் மூன்று நாள்தான் லீவு. எனக்கு லீவு கேட்க வேண்டிய ஆளே இல்லை. 40 நாள் அங்கேயே தங்கினேன். எதிர்வீட்டு பிராட்பேண்ட் பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டேன், மாதம் 200 ரூபாய் என்று பேசி. காலை ஐந்திலிருந்து பத்து வரை வேலை. பிறகு ஆச்சியோடு சமையல். மதியம் மறுபடி இரண்டு மணி நேரம். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மாலை 5 வரை மின்தடை என்று பேப்பரில் வரும் அல்லவா, அந்த ஒரு நாள் முழு விடுமுறை. அது சீஸன் நேரம். சாரல் அடிக்கும் சாயங்காலங்களில் ஐந்தருவிக்கு பஸ் ஏறிவிடுவேன். பார்டர் பரோட்டா பற்றி இங்கே ஆரம்பித்தால் கட்டுரை முடியாது.

முதல் வாரம் ஆச்சிக்கு இது வேலை என்றே நம்பிக்கை இல்லை. பத்து நாள் கழித்து, பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார். "என் பேத்தி பொட்டியத் தொறந்து வச்சு வேலை பாக்கா. அப்ப போயி பேசக் கூடாது கேட்டியா." தாத்தாவைப் பற்றி அவர் என்னிடம் பேச ஆரம்பித்தது மூன்றாவது வாரத்தில்தான். மூன்று நாள் லீவில் வந்துபோயிருந்தால் அது எனக்குக் கிடைத்திருக்காது.

அந்த 40 நாளும் என் வருமானம் குறையவில்லை. சென்னை ஹாஸ்டலில் ஆளில்லாத கட்டிலுக்கு 6,500 ரூபாய் வாடகை கட்டியதுதான் தண்டம். இலஞ்சியிலிருந்து சில கிலோமீட்டரில் மத்தளம்பாறை. 2011-லேயே ஸோஹோ அங்கே அலுவலகம் போட்டுவிட்டது. வேலை ஊரைத் தேடிவருவது தென்காசிக்காரர்களுக்குப் புதிது இல்லை.

ஆக, தம்பிக்கு என் பதில் இதுதான். ஓர் ஊருக்குப் போய், குறைந்தது இரண்டு மூன்று வாரம் தங்கி வேலை பார்ப்பதென்றால் தாராளமாகச் செய். காலையில் ஒரு ஊர், ராத்திரி ஒரு ஊர் என்று சுற்றும்போது லேப்டாப்பைத் தொடாதே. அப்படிச் சுற்றினால் வேலையும் அரைகுறை, ஊரும் அரைகுறை. ரயிலில் முடித்துவிடலாம் என்றும் நினைக்காதே. சுரங்கம், சிக்னல் இல்லாத காடு, பக்கத்து சீட் குழந்தை... எந்த டெட்லைனும் அதைத் தாங்காது. போகும் நாளுக்கும் மறுநாளுக்கும் வேலை ஒப்புக்கொள்ளாதே. தங்குமிடத்தில் 'வைஃபை இருக்கா' என்று கேட்காமல், ஸ்பீடு டெஸ்ட் எடுத்து ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொல். இரண்டு வெவ்வேறு நெட்வொர்க் சிம் வைத்துக்கொள்.

வெளிநாடு என்றால் கதை வேறு. டூரிஸ்ட் விசாவில் போய் லேப்டாப்பைத் திறந்து வேலை பார்ப்பதைப் பல நாடுகள் அனுமதிப்பதில்லை. தாய்லாந்து 2024-ல் இதற்கென்றே ஒரு விசா கொண்டுவந்தது. அதற்கு வங்கியில் 5 லட்சம் பாட் காட்ட வேண்டும். ஃப்ரீலான்ஸில் முதல் வருடம் இருப்பவர்கள் அந்தப் பக்கம் யோசிக்க வேண்டாம்.

லீவு எடுத்தால் நஷ்டம் என்றேன் இல்லையா? அதற்கு என் எடிட்டர் தோழி ஒரு வழி கண்டுபிடித்தாள். மாதம் 26 நாள் என்று வருடத்துக்கு 312 நாள் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் 20 நாளை லீவு என்று ஒதுக்கிவிட்டு, அதே வருட வருமானத்துக்கு ஒரு நாள் கூலி எவ்வளவு வருகிறது என்று கணக்குப் போட்டாள். ஏற்ற வேண்டியது சுமார் 7 சதவிகிதம்தான். 1,000 ரூபாய் வேலைக்கு 70 ரூபாய். க்ளையன்ட்டுகளிடம் சொன்னாள். ஒருவர் போய்விட்டார். மற்ற மூவர் பேரம்கூடப் பேசவில்லை.

போன டிசம்பரில் ஏற்காடு போனோம். அவள் பையில் லேப்டாப் இல்லை. இரண்டு நாளில் அவள் போன் இரண்டே முறைதான் அடித்தது. ஒன்று அவள் அம்மா. இன்னொன்று, பர்சனல் லோன் வேண்டுமா என்று கேட்டவர்கள்.