கைப்பிடி அரிசி

உங்கள் வீட்டில் யாராவது பச்சரிசியை அள்ளி அள்ளி வாயில் போட்டுக் கொள்கிறார்களா? சிரிக்காதீர்கள். "மாவரைக்க ஊறப் போட்ட அரிசியில் ஒரு பிடி எடுத்து மெல்லாத பெண்ணும் உண்டா?" என்றுதான் நானும் ஒரு காலத்தில் கேட்டிருப்பேன். அந்த ஒரு பிடியைப் பற்றி நான் சொல்லவில்லை. காலையில் ஒரு பிடி, பகலில் இரண்டு பிடி, மாலையில் முந்தானையில் முடிந்துகொண்டு மறைவாக இன்னும் ஒரு பிடி. அரிசி அகப்படாவிட்டால் அடுப்புச் சாம்பல், சுவர்க் காரை, குழந்தைகளின் பலப்பம். இப்படித் தின்கிறவர்களைப் பற்றிச் சொல்கிறேன்.

என் ஓர்ப்படி அப்படித் தின்றாள். கண்டுபிடித்துக் கோள் சொன்னவள் நான்தான்.

1968-ல் திருவல்லிக்கேணியில் நாங்கள் கூட்டுக் குடும்பமாக இருந்தோம். அரிசி டின்னுக்குக் காவல் நான். அளந்து வைத்த அரிசி குறைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் மத்தியானம் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். கையில் எட்டு மாதக் குழந்தையுடன் அவள் டின்னுக்குள் கைவிட்டுக் கொண்டிருந்தாள். நேரே மாமியாரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அன்று முதல் அவளுக்கு வீட்டில் 'அரிசிக்காரி' என்று பெயர். ஏற்கெனவே இருந்த பெயர் 'சோம்பேறி'. நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுவாள். துணி துவைக்கப் போனால் பாதியில் சுவரில் சாய்ந்து கொள்வாள். பத்தொன்பது வயதில் இப்படி மூச்சு வாங்குமா என்று நாங்கள் கண்ணைக் காட்டிப் பேசிக்கொள்வோம்.

இருந்தாலும் மனிதாபிமானம் இல்லாதவர்கள் என்று எங்களை நினைத்துவிடாதீர்கள்! களைப்புக்கு மருந்து கொடுக்கத்தான் செய்தோம். சாப்பாடு ஆனதும் இலையை எடுக்கும் முன்பே, திக்கான டிகாஷனில் நுரை பொங்க ஒரு டம்ளர் காப்பி. என் கையாலேயே ஆற்றிக் கொடுப்பேன்.

ஒரு நாள் காலை, இடுப்பில் குழந்தையும் கையில் தண்ணீர்க் குடமுமாக மாடிப்படியில் அப்படியே சாய்ந்தாள். குடம் உருண்டது. குழந்தைக்கு அடி படாமல் அவள் எப்படி விழுந்தாள் என்பது இன்று வரை எனக்கு விளங்கவில்லை.

அடுத்த தெருவில் இருந்த லேடி டாக்டரிடம் அழைத்துப் போனேன். அந்த அம்மாள் ஸ்டெதஸ்கோப்பைக் கையில் எடுக்கவேயில்லை. கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உட்புறம் சிவப்பாக இருக்க வேண்டிய இடம் காகிதம்போல் வெளுத்துக் கிடந்தது. விரல்களைத் திருப்பிப் பார்த்தார். நகங்கள் கரண்டிபோல் நடுவில் குழிந்திருந்தன. பிறகு மெல்லக் கேட்டார்: "ஏம்மா, அரிசி, மண் ஏதாவது தின்பதுண்டா?"

அவள் டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மறந்ததில்லை.

ரத்தத்தைச் சோதித்ததில் ஹீமோகுளோபின் 7 கிராம் இருந்தது. பெண்களுக்கு 12-க்குக் குறைந்தாலே சோகை, கர்ப்பிணிகளுக்கு 11. நம் பாட்டிகள் 'பாண்டு' என்று சொன்னதும் இதைத்தான். மூச்சுக் காற்றிலிருந்து பிராணவாயுவை உடம்பெங்கும் சுமந்து செல்வது ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின். அதைச் செய்ய இரும்புச் சத்து வேண்டும். அது குறைந்தால் இருதயம் வேகமாக அடித்து ஈடுகட்டப் பார்க்கிறது. படியேறினால் மூச்சு வாங்குகிறது. இரும்பு குறைந்த உடம்பில் அரிசி, மண், சாம்பல் என்று விபரீத ருசி கிளம்புவதும் உண்டு. இரும்பு ஏறியதும் பெரும்பாலும் அந்த ஆசை தானாகவே போய்விடுகிறது. எங்கள் அரிசி டின் இரண்டாவது மாதமே குறையாமல் நின்றது!

இரும்பு எங்கே போயிற்று? மாதாமாதம் பெண்களுக்கு ஏற்படும் நஷ்டம் ஒன்று. பிள்ளைப்பேறு இன்னொன்று. கிராமத்தில் செருப்பில்லாமல் வயற்காட்டுப் பக்கம் ஒதுங்கியவள் அவள். பாதத்தின் தோலைத் துளைத்து ஏறிக் குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் உறிஞ்சும் கொக்கிப் புழுவும் இருந்தது. அதற்குப் பூச்சி மருந்து கொடுத்தார். நாலாவது காரணத்தைக் கேட்டபோதுதான் எனக்குத் தலை சுற்றியது. சாப்பாட்டோடும் சாப்பிட்ட கையோடும் குடிக்கும் காப்பியும் டீயும், கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்பை உடம்பில் சேர விடாமல் தடுக்கின்றன. நான் ஆசையாக ஆற்றிக் கொடுத்த காப்பி!

காப்பியை விட்டுவிடுங்கள் என்று எழுதினால் இந்தப் பத்திரிகையையே நீங்கள் வாங்கமாட்டீர்கள். நானும் விடவில்லை. சாப்பாட்டுக்கும் காப்பிக்கும் இடையே ஒரு மணி, முடிந்தால் இரண்டு மணி விட்டுவிடுங்கள்; அது போதும். மாறாக, சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காயோ, எலுமிச்சம்பழம் பிழிந்த கீரையோ இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். பீட்ரூட்டின் நிறத்தைக் கண்டு ஏமாறாதீர்கள். 100 கிராமில் 1 மில்லிகிராம் இரும்புகூடக் கிடையாது. கேழ்வரகில் 4 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. பெண்களுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் ஆண்டுக் கணக்கு, ஆண்களுக்கு 19. வீட்டில் கடைசியாக, மிஞ்சியதைச் சாப்பிடுகிறவள் யார் என்று யோசித்துப் பாருங்கள்!

சோகை முற்றியபின் கீரை மட்டும் போதாது, மாத்திரை வேண்டும். மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுக்கும், பயப்படாதீர்கள். வயிற்றைப் புரட்டினால் நீங்களாக நிறுத்திவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுக்கும் முறையும் இப்போது இருக்கிறது. ரத்தம் சரியான பிறகும் சுமார் மூன்று மாதம் சாப்பிட்டால்தான் உடம்பில் சேமிப்பு நிறையும். நம்மில் பலர் தெம்பு வந்த மறுநாளே பாட்டிலை அலமாரியில் போட்டுவிடுகிறோம். அந்தப் பாட்டில் குழந்தைகளுக்கு எட்டவே கூடாது. மிட்டாய் என்று நினைத்து அள்ளித் தின்றால் உயிருக்கே ஆபத்து.

இன்னொன்று. எல்லாச் சோகையும் இரும்புச் சோகை அல்ல. லூஸி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் 1928-ல் பம்பாய்க்கு வந்து, ஆலைத் தொழிலாளர் குடும்பத்துக் கர்ப்பிணிகளின் சோகையை ஆராய்ந்தார். அது குணமானது மார்மைட் என்ற ஈஸ்ட் சாரத்தால். அதிலிருந்த மர்மப் பொருள்தான் பின்னாளில் ஃபோலிக் அமிலம் என்று தெரிந்தது. பாலும் தயிரும்கூட அதிகம் சேர்க்காத சைவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கோ ஆண்களுக்கோ சோகை வந்தால், குடலில் எங்காவது ரத்தம் கசிகிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். ஆகையால் பக்கத்து வீட்டு மாத்திரையைக் கடன் வாங்காதீர்கள்.

2019–21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்குச் சோகை. அதில் ஒருத்தி என் பேத்தி என்பது 2022-ல் தெரிந்தது. இவள் அரிசி தின்னவில்லை. ஃபிரிட்ஜைத் திறந்து தட்டுத் தட்டாக ஐஸ் கட்டிகளைக் கடித்தாள். "வெயில் காலம்தானே, பரீட்சைக் களைப்பு வேறு" என்றாள் அவள் அம்மா. எனக்கு அந்தக் கடகட சத்தம் பழைய அரிசி டின்னை ஞாபகப்படுத்தியது. அன்றே சோதிக்க அழைத்துப் போனேன். 9 கிராம்கூட இல்லை. இப்போது நன்றாக இருக்கிறாள். ஃபிரிட்ஜும் நிம்மதியாக இருக்கிறது.

சென்ற பொங்கலுக்கு என் ஓர்ப்படி வந்திருந்தாள். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து இருவரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, இத்தனை வருஷமாக மனத்தில் வைத்திருந்ததைச் சொல்லி, "என்னை மன்னித்துவிடு" என்றேன்.

"என்ன அக்கா இது?" என்றாள். "டாக்டரம்மா கேட்டபோது நான் இல்லை என்று சொல்லத்தான் இருந்தேன். நீங்கள் 'சொல்லு' என்று தலையை ஆட்டினீர்கள். அதனால்தான் சொன்னேன்."

தலையை ஆட்டியதாக எனக்கு ஞாபகமே இல்லை.