அரசலாத்துல ஒரு பார்க்கிங்!

காரைக்கால் போனா பீச்சில் சுண்டல் சாப்பிட்டுட்டு பஸ் ஏறிடாதீங்க பாஸ். அப்படியே வடக்கே கோட்டுச்சேரிமேடு கடற்கரைக்குப் போங்க. ஃபைபர் படகுகள் மணல்லயே ஓய்வெடுக்கும். விசைப்படகை அப்படி மணல்ல ஏத்த முடியுமா? அதுக்கு காரைக்கால் அரசலாறுதான் ஷெட். ஆத்துப் பாலத்துக்குக் கிழக்கே, முகத்துவாரத்துப் பக்கம் மீன்பிடித் துறைமுகம் இருக்கு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் (2017-க்கு முன்னாடி 45 நாள்தான்). அப்பப் போனா படகுகள் தோளோடு தோள் உரசி நிக்கும்.

பைக் நிறுத்துற மாதிரிதானேன்னு, ஒரு அண்ணன் கொடுத்த கயிற்றை இறுக்கிக் கட்டினேன். "தம்பி, ராத்திரி கடல்தண்ணி ஆத்துல ஏறுமுல்ல? படகு மேல எழும்ப கயிறு வேணாமா?"ன்னு அவிழ்த்துட்டார். ரொம்ப விட்டாலும் வம்பு, பக்கத்துப் படகுல மோதும். அதுக்குத்தான் விலாவுல பழைய டயர் தொங்குது. படகு உடைஞ்சா மிச்சம் கடன் மட்டும்தானாம். 2018 நவம்பர் 16-ல் கரையேறின கஜா புயலைப் பத்திக் கேட்டா, அவர் முதல்ல பேசுறது கயிறைத்தான்.

மறுபடி கட்டினேன். ஒண்ணும் சொல்லல. ஆனா கிளம்புறதுக்கு முன்னாடி, ஒரு தரம் இழுத்துப் பார்த்துட்டுத்தான் போனார்!