பலர் விரும்பிய பெருந்துறை: திருகோணமலை

இலங்கையின் கிழக்குக் கரையிலே, கடல் நிலத்தைக் குடைந்து உட்புகுந்து, குன்றுகள் சூழ்ந்த பெருங்குளம்போல அமைதியுடன் கிடக்கும் இடமொன்றுண்டு. அதுவே திருகோணமலைத் துறைமுகம். உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றென அது போற்றப்படுகின்றது. சைவ நன்மக்களுக்குத் திருகோணமலை திருஞானசம்பந்தர் பாடிய தலம். மாலுமிகளுக்கோ புயலுக்கு அஞ்சாது நங்கூரமிடத்தக்க புகலிடம். இவ்விரு பெருமைகளும் ஓர் ஊருக்கே வாய்த்தமை அதன் சிறப்பாயிற்று; சிற்சில காலங்களில் அதுவே அதன் துன்பமுமாயிற்று. விடுமுறையிற் குடும்பத்துடன் அங்கு செல்வோரும், வரலாறு பயிலும் மாணவரும் அறியத்தக்க சிலவற்றை இங்கு காண்போம்.

இயற்கை அமைத்த துறை

தெற்கே மகாவலி கங்கை வந்து கலக்கும் கொட்டியாரக் குடா கடலை நோக்கி அகன்று விரிந்துள்ளது. அக்குடாவிலிருந்து வடக்கே ஒரு வாயிலின் வழியாக உட்சென்றால் உட்துறைமுகத்தை அடையலாம். குடாவின் அடியிலே தொடங்கும் ஆழ்கடற் பள்ளத்தாக்கு, ஆயிரம் மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்துக்குச் சரிந்து செல்கின்றது. ஆதலால், பெருங்கப்பல்களும் தரைதட்டும் அச்சமின்றி இத்துறையை அணுகலாம்.

பாய்க்கப்பற் காலத்தில் இதன் அருமை இன்னும் பெரிதாயிருந்தது. வாடைக்காற்று வீசும் மாதங்களிலே சோழமண்டலக் கரையில் மரக்கலங்களுக்குத் தக்க ஒதுக்கிடம் இல்லை. சென்னைப் பட்டினத்துக்கு அக்காலத்தில் துறைமுகமே கிடையாது; கப்பல்கள் திறந்த கடலிலேயே நின்றன. எனவே, மழைக்காலம் நெருங்கியதும் ஆங்கிலக் கடற்படை தென்முனையைச் சுற்றிப் பம்பாய்க்குச் செல்ல நேர்ந்தது. அவ்வேளையிற் கிழக்குக் கடல் காவலற்றுக் கிடக்கும். திருகோணமலை எவர் கையிலிருந்ததோ, அவர் ஆண்டு முழுவதும் அக்கடலிற் கப்பல்களை நிறுத்தி வைக்கலாம். ஐரோப்பியர் இவ்வூருக்காக மீண்டும் மீண்டும் போரிட்டமைக்கு இதுவே தலையாய காரணம்.

கைமாறிய கோட்டை

போர்த்துக்கேயர் 1622க்கும் 1624க்கும் இடைப்பட்ட காலத்திற் சுவாமி மலையிலிருந்த கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினர். 1639இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1672இல் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் இசைவுடன் பிரெஞ்சுக்காரர் வந்திறங்கினர். அவர்களை ஒல்லாந்தர் விரைவிலேயே அகற்றினர்.

1782ஆம் ஆண்டோ பெரும் விந்தை நிறைந்தது. ஜனவரியில் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸ் கோட்டையை ஒல்லாந்தரிடமிருந்து பறித்தார். ஓகஸ்ட் முடிவதற்குள் பிரெஞ்சுத் தளபதி சவ்ரன் அதனை ஆங்கிலேயரிடமிருந்து பறித்தார். செப்டெம்பர் 3ஆந் திகதி இருவர் கப்பல்களும் ஊருக்கு வெளியே கடலிற் பொருதின. பின்னர் ஏற்பட்ட சமாதானத்தால் கோட்டை மீண்டும் ஒல்லாந்தரைச் சேர்ந்தது. 1795 ஓகஸ்ட்டில் ஆங்கிலேயர் அதனை மறுபடியும் கைப்பற்றினர். அதன்பின் இலங்கை விடுதலை பெறும்வரை விட்டாரில்லை. யோர்க் கோமகனின் பெயரால் ‘பிரெட்றிக் கோட்டை’ என 1803இல் அதற்குப் பெயரிட்டனர்.

இக்கரையிலே சிறைப்பட்டவர்களுள் றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் புகழ்பெற்றவர். புயலிற் பழுதுற்ற கப்பலுடன் கொட்டியாரக் குடாவை அடைந்த அவர், 1660இல் மூதூருக்கு அருகே கண்டி மன்னனின் ஆட்களிடம் அகப்பட்டார். பத்தொன்பது ஆண்டுகள் கழித்தே தப்பிச் சென்றார். 1681இல் அவர் வெளியிட்ட நூல், அக்கால இலங்கை மக்களின் வாழ்வை அறிய உதவும் அரிய சான்றாகும்.

போரும் எண்ணெய்க் குதங்களும்

இருபதாம் நூற்றாண்டிற் பாய்கள் மறைந்து எண்ணெயால் இயங்கும் கப்பல்கள் வந்தன. சீனன்குடாவை அடுத்த காட்டிலே ஆங்கிலேயர் 101 எண்ணெய்த் தாங்கிகளை அமைத்தனர். 1942 பெப்ரவரியிற் சிங்கப்பூர் வீழ்ந்தபின் திருகோணமலையின் முதன்மை மேலும் உயர்ந்தது. அவ்வாண்டு ஏப்ரில் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்தன. அன்றே, விமானந்தாங்கிக் கப்பலான ‘ஹேர்மிஸ்’ மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் மூழ்கடிக்கப்பட்டது. நிலாவெளி வீதியிலுள்ள போர் வீரர் மயானத்திலே முந்நூறுக்கு மேற்பட்டோர் துயில்கின்றனர். பல நாட்டு இளைஞரின் பெயர்களைத் தாங்கிய அக்கற்களை நோக்குங்கால், போரின் புகழினும் அதன் விலையே நம் உள்ளத்தில் நிற்கும்.

துறைமுகம் யாருக்காக?

இத்துணைப் பேரரசுகள் விரும்பிய ஊர் செல்வத்திற் கொழித்திருக்கவேண்டுமென நாம் எண்ணலாம். நிகழ்ந்ததோ வேறு. வந்தவர் யாவரும் இதனைப் போர்க்கப்பல்களின் கொட்டிலாகவே கருதினர். வணிகர்க்குரிய சந்தையாகக் கருதவில்லை. தேயிலை விளைந்த மலைநாட்டுக்குக் கொழும்பே அண்மையிலிருந்தது. இயற்கைத் துறை வசதி குறைந்த கொழும்பிலே, 1875இல் அடிக்கல் நாட்டிப் பெரும் அலைதடுப்பணையை எழுப்பினர். வாணிபம் அங்கே சென்றது. 1957இல் பிரித்தானியர் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தபோது, நாட்டின் தன்மானம் உயர்ந்தது. ஆயினும், தளத்தை நம்பி வாழ்ந்த தொழிலாளர் பலரின் அடுப்பு அணைந்தது. பின்னர் கோதுமை மா ஆலையும் சீமெந்து ஆலையும் எழுந்தன. எஞ்சிய 99 எண்ணெய்த் தாங்கிகளைப் பயன்படுத்துவது குறித்து 2022 ஜனவரியில் இந்தியாவுடன் உடன்பாடு ஏற்பட்டது. இடையே நிகழ்ந்த உள்நாட்டுப் போரும், 2004 டிசெம்பர் 26ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலையும் இவ்வூருக்கு விளைத்த இன்னல்களையும் மறத்தலாகாது.

காணத்தக்க இடங்கள்

கோட்டை வாயிலிலே நின்று கற்களை உற்றுநோக்குக. பாண்டியரின் சின்னமான இரட்டைக் கயலைக் காண்பீர்கள். உள்ளே புள்ளிமான்கள் அச்சமின்றித் திரியும். மேலே ஏறினால் இராவணன் வெட்டும், கடலை நோக்கிய கோணேசர் ஆலயமும் தோன்றும். 1950இல் கிணறு வெட்டியபோது மண்ணுக்குள்ளிருந்து பழைய விக்கிரகங்கள் வெளிப்பட்டன; 1956இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மலையடியிற் கடலில் மூழ்கிக் கோயிற் கற்களைக் கண்டனர். 1963இல் புதிய ஆலயத்துக்குக் குடமுழுக்கு நடைபெற்றது.

துறைமுக வாயிலைக் காக்கும் ஒஸ்ரன்பேர்க் கோட்டை கடற்படைத் தளத்தினுள் இருப்பதால், உரிய அனுமதி பெற்றே செல்லவேண்டும். நகரத்துப் பழைய கல்லறையிலே, ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் தம்பியும் 1852இற் பர்மாவில் இறந்தவருமான கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஒஸ்ரின் அடக்கம் செய்யப்பட்டுள்ளார். ஊருக்கு வெளியே கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் உள. ஒவ்வொன்றின் வெப்பமும் வேறு. நிலாவெளிக்கு எதிரே, பவளப் பாறைகள் சூழ்ந்த புறாமலைத் தீவு உளது. ஒருகாலத்திற் பீரங்கிப் பயிற்சிக்கு இலக்காயிருந்த அத்தீவு இன்று காக்கப்படும் கடற் பூங்கா.

இவ்வூரின் பெயர் கடல் கடந்தும் வாழ்கின்றது. 1817இற் பம்பாயிலே தேக்கு மரத்தாற் கட்டப்பட்ட ‘திருகோணமலை’ என்னும் போர்க்கப்பல், இங்கிலாந்தின் ஹாட்டில்பூல் நகரில் இன்றும் நீரில் மிதந்தவாறே காட்சிப் பொருளாக நிற்கின்றது. எனினும், கொடிகள் பலவும் இறங்கியபின் இத்துறையில் எஞ்சி நிற்போர், விடியற்காலையில் வலையிழுக்கும் மீனவரும், மணியோசை கேட்டு மலையேறும் அடியவருமே. பிறர் போருக்கெனத் தேடிய இவ்வாழ்துறை, இனியேனும் கரையில் வாழும் எல்லா மக்களுக்கும் வாழ்வளிப்பதாகுக.