வாப்பாவின் சாரன்



1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, எருக்கலம்பிட்டிக் கரையிலிருந்து கற்பிட்டிக்குத் தோணி ஏறியவர்களில் நாங்களும் இருந்தோம். எனக்குப் பத்து வயது. வாப்பாவின் ஒரு சாரன் அவர் இடுப்பில். மற்றதில் உம்மா எங்கள் உடுப்புகளை மூட்டை கட்டினார். அகதி முகாமில் அதுவே தம்பிக்கு ஏணை, எங்களுக்குப் போர்வை, வாப்பாவுக்குத் தொழுகை உடை.

சென்ற பெருநாளில் என் மகன், "சாரனோடு கடைக்குப் போக வெட்கம் வாப்பா" என்றான். நானும் அதை உறங்க மட்டுமே உடுப்பவன். என்ன பதில் சொல்வேன்?

ஸ்கொட்லாந்து மலைநாட்டாரின் 'கில்ட்' என்னும் ஆடையை 1746இல் அரசு சட்டம் போட்டுத் தடுத்தது. 1782இல்தான் தடை நீங்கியது. இன்று கல்யாணங்களில் அதைப் பெருமையோடு உடுக்கிறார்கள். நம் சாரனை யாரும் தடுக்கவில்லை. நாமேதான் பெட்டிக்குள் வைத்தோம்.

ஆண்கள் தொப்புள் முதல் முழங்கால் வரை மறைக்க வேண்டும் என்கிறது மார்க்கம். சாரனால்தான் மறைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆகவே இது பர்ளு அல்ல, நம் நினைவு. ஜும்ஆவுக்கும், நோயாளியைப் பார்க்கவும், கடைத்தெருவுக்கும் அதை உடுக்கலாமே!

சென்ற வெள்ளியன்று நான் சாரனோடு பள்ளிக்குப் போனேன். மகனும் ஒன்று கேட்டான். உங்கள் மகனுக்கும் எடுத்துக் கொடுங்கள். கொடுக்கும்போது தோணியின் கதையையும் சொல்லுங்கள்.