உளுவைக்கு ஒரு ரூம்மேட்

குறுக்குத்துறைப் படித்துறையில் இறங்கி, கணுக்கால் அளவு தாமிரபரணியில் கொஞ்ச நேரம் ஆடாமல் அசையாமல் நில்லுங்கள். காலருகே மணலுக்கு இரண்டு கண் முளைக்கும். குனிந்தால் கண்ணும் இருக்காது, மீனும் இருக்காது. உளுவை!

"சோம்பேறிப் பய மீனு வே! தரையில படுத்தே காலத்தை ஓட்டிரும்" என்றார் கூட வந்த டவுன் அண்ணாச்சி. (அன்று புதன்கிழமை, மணி பதினொன்று. அவர் ஆபீஸில் இருந்திருக்க வேண்டும்.)

சோம்பேறிக்குச் சொந்தபந்தம் ஜாஸ்தி. உலகத்தில் ஏறக்குறைய 2,000 வகை. ஆற்று உளுவை, தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னக்காயல் வரை போய் உப்புத்தண்ணீரிலும் சமாளிக்கும். பங்காளிகளோ அதற்கும் அப்பால், கடலுக்குள் பவளப்பாறைகளில் குடித்தனம். விரல் நீளம்கூடத் தேறாது சில.

அதில் ஒரு ரகம் ஒண்டுக்குடித்தனம். பாறையோர மணலில் வளை. வளை தோண்டுவது மீன் அல்ல, ஓர் இறால். இறாலுக்குப் பார்வை மட்டம். ஆனால் புல்டோசர் மாதிரி மணலை வாரிக் கொட்டும், உடைந்த பவளத்தையும் சிப்பியையும் வைத்துச் சுவர் கட்டும். மீனுக்குத் தோண்ட வராது, கண் மட்டும் கழுகு. வாசலில் வாட்ச்மேன் டூட்டி. இறால் வெளியே வந்தால் ஒரு மீசையை மீன் மேல் வைத்துக்கொண்டேதான் வேலை பார்க்கும். பெரிய மீன் தெரிந்ததோ, உளுவை வாலைப் படபடவென்று அடிக்கும், இறால் உள்ளே! நிலைமை முற்றினால் உளுவையும் தலைகுப்புற உள்ளே. ராத்திரி இருவரும் ஒரே ரூம். திருவல்லிக்கேணி மேன்ஷனில் எனக்கு வாய்த்த ரூம்மேட் என் சோப்பைத் தேய்த்ததோடு சரி.

இன்னொரு ரகம் பவளக் கிளைக்குள்ளேயே பிறவி முழுக்கக் குடியிருக்கும். பவளம் போனால் அதற்குப் போக்கிடம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை தூத்துக்குடி பஸ் பிடித்தோம். தீவுப் பக்கம் நினைத்தபடி போக முடியாது. 1986 முதல் மன்னார் வளைகுடாத் தீவுகள் கடல் தேசியப் பூங்கா. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் உளுவை-இறால் கதையைச் சொன்னேன். கை நின்றுவிட்டது.

"நாங்க தோணி தோணியா அந்தக் கல்லைத்தானே தம்பி வெட்டிட்டு வந்தோம். சுண்ணாம்புக்குப் போவும். கடல்ல கெடக்க கல்லுதானேன்னு நெனச்சோம். உள்ள குடியிருப்பு இருக்குன்னு யாரு சொன்னா?"

அண்ணாச்சி பேசவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் அவர் வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்புதான்.

2001-ல் பவளத்தைப் புலி, யானையோடு சேர்த்து முதல் அட்டவணைப் பாதுகாப்பில் வைத்தார்கள். சுனாமிக்குப் பிறகு, 2005 வாக்கில்தான் வெட்டு நின்றது. அதற்குள் அலையைத் தடுக்கப் பாறை இல்லாமல் தீவுகளே கரைய ஆரம்பித்திருந்தன. இரண்டு தீவுகள் முழுகியே போயின. தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான் தீவு 1986-ல் 16 ஹெக்டேர். 2014-ல் சுமார் 2. 2015 டிசம்பரிலிருந்து அதைச் சுற்றிக் கான்கிரீட் தொகுதிகளை இறக்கினார்கள். அலை கொஞ்சம் அடங்கியது, மீன்களும் குடிவந்தன.

"உளுவையும் வந்திருக்குமா வே?" என்றார் அண்ணாச்சி, பஸ் ஏறும்போது.

"கான்கிரீட்ல வளை தோண்ட இறாலுக்கு முடியாதே அண்ணாச்சி."

"பக்கத்துல மணல் இருக்கும்லா!"

ஜங்ஷன் வரும் வரை அதையேதான் கேட்டுக்கொண்டு வந்தார்.