சாத்தனூருக்கு எவ்வழி?

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து நம்மவர் குடும்பங்கட்கு விடுமுறை என்றதும் நினைவில் எழுவது சாத்தனூர் அணையேயாகும். உதகைக்கும் கோடைக்கானலுக்கும் போய்வரப் பொருள் வேண்டும்; நாளும் வேண்டும். சாத்தனூருக்கோ ஒரு வேனும், பிரியாணி நிறைந்த ஒரு தேக்சாவும் இருந்தால் போதும். சுபுஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டால் இஷாவுக்குள் வீடு திரும்பிவிடலாம். புறப்படுமுன் நம்மிடம் வந்து, "ஹஜரத், எந்தப் பக்கமா போனா நல்லா இருக்கும்?" என்று கேட்பவர் ஆண்டுதோறும் பலர். ஓதிக்கொடுப்பவனுக்கு வழியும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம் போலும்! கைப்பேசி வழி சொல்லும் இந்நாளிலும் அவ்வழக்கம் மாறவில்லை என்பதில் நமக்குச் சிறிது மகிழ்ச்சியே.

வழிகள் இரண்டு உள. திண்டிவனத்திலிருந்து செஞ்சி, கீழ்பென்னாத்தூர் வழியாகத் திருவண்ணாமலை சேர்ந்து, தண்டராம்பட்டு வழியே அணையை அடைவது ஒன்று. விழுப்புரத்திலிருந்து மாம்பழப்பட்டு வழியாகத் திருக்கோவிலூர் சேர்ந்து, தென்பெண்ணையின் கரையை ஒட்டி மணலூர்ப்பேட்டை வரை சென்று, அங்கு ஆற்றைக் கடந்து, கிராமச் சாலைகளால் மேற்கே ஏறி அணையை அடைவது மற்றொன்று. முன்னது நெடுஞ்சாலை. பின்னது வளைந்தும் நெளிந்தும் செல்வது. நேரமும் மிகுதியாகக் கொள்வது. ஆயினும் ஆற்றைக் காண விரும்புவோர்க்குப் பின்னதே வழி.

காட்சியின் பொருட்டு நீண்ட வழியைத் தேர்வது தகுமா என்னும் வினா புதியதன்று. நம் வட்டாரத்தார் பெரும்பாலும் ஹனஃபீ மத்ஹபினரே. எனினும் இவ்விடத்தில் ஷாஃபிஈ நூலொன்றை நினைவூட்ட விரும்புகின்றோம். ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தம் 'மின்ஹாஜ்' என்னும் நூலில், ஓர் ஊருக்கு நெடுவழி ஒன்றும் குறுவழி ஒன்றும் இருந்து, நெடுவழியில் மட்டுமே கஸ்ரு தொழுகைக்குரிய தொலைவு அமையுமாயின், ஒருவன் அந்நெடுவழியில் சென்றால் அவனுக்குக் கஸ்ரு உண்டா என்று ஆராய்கின்றார்கள். எளிமை, அச்சமின்மை போன்ற நோக்கம் ஏதேனும் இருந்தால் உண்டு. நோக்கம் ஏதுமின்றி அலைந்தவனுக்கு இல்லை என்பதே அவர்கள் வலுவானதாகக் கொண்ட முடிபு. பின்வந்த உரையாசிரியருள் சிலர் 'தனஸ்ஸுஹ்', அதாவது அழகிய காட்சி கண்டு மனச்சுமை நீங்குதலையும் அத்தகைய நோக்கங்களுள் ஒன்றாக ஏற்றனர். மனம் தெளிவதற்காகச் சற்றுச் சுற்றிப் போவதை நம் சட்ட மேதைகள் வீண்வேலை என்று தள்ளிவிடவில்லை என்பதைப் பயண விரும்பிகள் குறித்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்த 'தனஸ்ஸுஹ்' என்னும் சொல்லிலேயே ஒரு வியப்பு உண்டு. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் மொழிப் பேரறிஞர் இப்னுஸ் ஸிக்கீத், மக்கள் தவறாக ஆளும் சொற்களுள் இதனையும் சேர்த்தார். தோட்டந்துரவுகளுக்கு உலாவச் செல்வதையே மக்கள் தனஸ்ஸுஹ் என்கின்றனர். அதன் உண்மைப் பொருளோ செழிப்பான விளைநிலங்களை விட்டும் நீர்நிலைகளை விட்டும் விலகியிருத்தல் என்பது அவர் கருத்து. நீர் தேங்கிய தாழ்நிலத்தில் ஈயும் காய்ச்சலும் மிகும். ஆகவே பாலைநிலத்து அரபி தூய்மையை நாடி நீரிலிருந்து விலகினான் என்று அறிஞர் விளக்குவர். உல்லாசப் பயணம் என்று இன்று பொருள்படும் சொல், ஒரு காலத்தில் 'தண்ணீரை விட்டுத் தள்ளி இரு' என்று பொருள்பட்டது! இதனை மாணவர்க்குப் பலமுறை சொல்லி நாம் நகைத்ததுண்டு. 2024 டிசம்பருக்குப் பின்னர் அவ்வாறு நகைக்க இயலவில்லை. அதன் காரணத்தைப் பின்னர்ச் சொல்வோம்.

முதலில் செஞ்சி வழி. இதில் ஆறு என்று சொல்லத்தக்கதாக எதுவும் கண்ணில் படாது, எங்கும் பாறைகளே. யாரோ கூடையில் அள்ளிவந்து கொட்டினாற்போலக் குன்றுகள் குவிந்து கிடக்கும். கோட்டைக்குள் ஆற்காட்டு நவாபு சஆதத்துல்லாகான் 1717-18இல் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் நிற்கின்றது. தேசிங்குராஜனுக்காகத் தன் மணவிழாவை விட்டுப் போர்க்களம் புகுந்ததாக மக்கள் பாடிவரும் மகபத்கானின் கதையும் இம்மண்ணினதே. 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது செஞ்சியும் அவற்றுள் ஒன்றாயிற்று. முதியோரும் கைக்குழந்தைகளும் உடன்வரின் இவ்வழியே நன்று. சாலை அகலமானது, உணவுக் கடைகள் உண்டு, பெண்கள் ஒளூச் செய்து தொழுவதற்குத் திருவண்ணாமலையில் இடமும் தேடிக்கொள்ளலாம். வழி தேரும் ஆண்கள் இந்தக் கடைசிச் செய்தியைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர் என்பது நம் நெடுநாள் குறை.

இனி ஆற்று வழி. கருநாடகத்து நந்தி மலையில் பிறந்து கடலூரருகே கடலில் கலக்கும் தென்பெண்ணை, நம்மூர்களின் பக்கத்தில் பெரிதும் மணலாகவே தோன்றும். "இதுவா ஆறு?" என்று பிள்ளைகள் கேட்பர். மேற்கே போகப் போகத்தான் அதன் உண்மை உருவம் புலப்படும். வடக்கே ஜவ்வாது மலை, தெற்கே கல்வராயன் மலை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வாயிலின் வழியே மேட்டுநிலத்திலிருந்து சமவெளிக்கு இறங்குகின்றது ஆறு. அங்கே சென்னகேசவ மலைக்குன்றுகளுக்கு இடையிலுள்ள இடுக்கை அடைத்து 1958இல் கட்டி முடிக்கப்பெற்றதே சாத்தனூர் அணை. நீர்மட்டத்தின் முழு அளவு 119 அடி. கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. ஆறு மலையை அறுத்த அந்த இடுக்கினுள் இன்று நீரே குடியிருக்கின்றது. ஆதலால் வண்டிப்பாதை அதன் விளிம்போடு நின்றுவிடும். ஆற்றோடு ஒட்டிச் சென்ற சுவை முழுவதும் திருக்கோவிலூருக்கும் அணைக்கும் இடைப்பட்ட பாதையில்தான். திருக்கோவிலூரில் ஆற்றினுள்ளே தனித்து நிற்கும் ஒரு பாறையைக் கபிலர் குன்று என்பர். பாரி மறைந்த பின்னர்ப் புலவர் உயிர்துறந்த இடம் என்பது வழிவழிச் செய்தி.

இந்த மலைவாயிலைச் சார்ந்த நாட்டிற்குத் தமிழில் ஒரு வழிநூலே இருக்கின்றது என்றால் இளைஞர் நம்புவதில்லை. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் அது. 583 அடிகளில் பெருங்கௌசிகனார் பாடியது. பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன், எதிர்ப்பட்ட வேறொரு கூத்தர் குழுவினர்க்கு நன்னனது ஊருக்குச் செல்லும் வழியைச் சொல்லுகின்றான். நன்னனின் செங்கண்மா என்பது இன்றைய செங்கமே என்பர் அறிஞர். அரபியில் இப்னு குர்தாத்பிஹ் முதலியோர் 'அல்மஸாலிக் வல்மமாலிக்' என்று, வழிகளையும் நாடுகளையும் பற்றி நூல் செய்ததற்குச் சில நூற்றாண்டுகள் முற்பட்டது இப்பாட்டு.

அவ்வழிகாட்டி அழகை ஒளித்து வைக்கவில்லை. அருவியையும் தேனடையையும் மலையில் எழும் ஓசைகளையும் அடுக்கிக்கொண்டே போகின்றான். ஆனால் ஒவ்வோர் அழகின் பக்கத்திலும் ஓர் எச்சரிக்கையை வைக்கின்றான். தினைப்புனம் காப்போர் வீசும் கவண்கல்லுக்கு மறைந்து செல்லுங்கள். பன்றிக்கு வைத்த பொறிகளைப் பார்த்து நடங்கள். பாசி படர்ந்து வழுக்கும் சுனையோரங்களில் பற்றுக்கோடு விடாது ஒருவரோடொருவர் இணைந்து செல்லுங்கள் என்கின்றான். சமவெளியை நெருங்கியதும் சேயாற்றின் ஒரு கரையைப் பிடித்துக்கொண்டே போங்கள் என்கின்றான். நம் மனத்தைக் கவர்ந்தது வேறொன்று. வழி பிரியும் இடத்தில், பின்னால் வரும் புதியவர் மயங்காதபடி, சந்தியைத் துடைத்துப் புல்லை முடிந்து அடையாளம் வைத்துச் செல்லுங்கள் என்று அவன் சொல்வது. முகமறியா மனிதனுக்காக வைக்கும் முடிச்சு! பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று ஓதிக்கொடுக்கும்போதெல்லாம் இந்தப் புல்முடிச்சும் நமக்கு நினைவில் வரும்.

இவ்வாயில் கூத்தருக்கு மட்டும் உரியதன்று. 1767 செப்டம்பரில் ஹைதர் அலியின் படை இதன் வழியாகவே இறங்கிச் செங்கத்தில் கர்னல் ஸ்மித்தின் ஆங்கிலப் படையோடு பொருதது. களம் தமதென்று ஆங்கிலேயர் எழுதிக்கொண்டனர். ஆனால் உண்ண அரிசியின்றித் திருவண்ணாமலைக்கு விரைந்தனர்.

இனி, முன்னர்ச் சொல்வதாகக் கூறிய செய்திக்கு வருவோம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரை கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை. மறுநாள் மழை மேற்கே நகர்ந்து, மலைவாயிலுக்கு அப்பால் ஊத்தங்கரையில் ஏறத்தாழ அதே அளவு கொட்டியது. அந்நீரெல்லாம் பாம்பாற்றின் வழியே தென்பெண்ணைக்கே வந்தாக வேண்டும். டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூரிலிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. அரசூரில் சென்னை-திருச்சி நெடுஞ்சாலை நீரில் மூழ்கியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்திற்கும் இடையே பாலத்தைத் தொட்டு வெள்ளம் ஓடியதால் இரயில்கள் நின்றன. தண்டராம்பட்டை அடுத்த அகரம்பள்ளிப்பட்டுக்கும் தொண்டமானூருக்கும் இடையே சுமார் 16 கோடி ரூபாயில் கட்டப்பெற்று, அவ்வாண்டு செப்டம்பரில்தான் திறக்கப்பட்ட உயர்மட்டப் பாலம் அடித்துச் செல்லப்பட்டது. ஆற்று வழியில் செல்வோர் மெச்சிய புதுப்பாலம் அது. அதன் வாழ்வு மூன்று மாதம்!

விழுப்புரத்தை அடுத்த ஆற்றங்கரை ஊர் ஒன்றில் நம் தமக்கையார் வாழ்கின்றார், வயது அறுபத்தைந்து. அன்று மருமகளோடும் பேரப்பிள்ளைகளோடும் பள்ளிவாசல் மாடியில் இரவைக் கழித்தார். உயிருக்கு ஊறில்லை, அல்ஹம்துலில்லாஹ். வீட்டினுள் மார்பளவு சேறு. நம் அத்தா தம் கையால் அரபுத்தமிழில் எழுதி வைத்திருந்த மஸ்அலா ஏடு தகரப்பெட்டியில் இருந்தது. பெட்டியைத் திறந்தபோது அது ஏடாக இல்லை. பிசைந்த மாவாக இருந்தது. அத்தாவின் எழுத்து வேறெங்கும் நம்மிடம் இல்லை.

2025 மே விடுமுறையில் பேரப்பிள்ளைகள் சாத்தனூர் போகவேண்டும் என்று பிடிவாதம் செய்தனர். ஆற்றைக் கண்டால் அவர் மனம் கலங்குமே என்று அஞ்சி நாமும் மருமகனும் செஞ்சி வழியைத் தேர்ந்து வைத்திருந்தோம். ஓட்டுநரிடம் சொல்லியும் ஆயிற்று. தமக்கையார் அதனைக் கேட்டுவிட்டு, "தம்பி, நான் ஆத்து வழியாத்தான் வருவேன். அந்தத் தண்ணி எங்கேயிருந்து வந்துச்சுன்னு நான் பாக்கணும்" என்றார். நெடுவழிக்குரிய நோக்கங்களை எண்ணிய உரையாசிரியர்கள் இப்படியும் ஒன்றை எண்ணியிருப்பார்களோ, அறியோம்.

ஆற்று வழியே சென்றோம். அரகண்டநல்லூரில் இறங்கி மணலைப் பார்த்தார். மணலூர்ப்பேட்டையில் தேநீர் குடித்தோம். பாலம் இருந்த இடத்திற்குச் சற்று விலகிப் போக வேண்டும் என்று ஓட்டுநர் சொன்னார். "போப்பா" என்றார் தமக்கையார். கரையில் நின்று நெடுநேரம் பார்த்தார். கோடையாதலால் ஆற்றில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அணையை அடைந்ததும் பிள்ளைகள் பூங்காவுக்கும் முதலைப் பண்ணைக்கும் ஓடினர். அவர் மட்டும் கைப்பிடிச் சுவரோரம் நின்று, மதகுகளை ஒன்று, இரண்டு என்று எண்ணினார். பிறகு மலைகளுக்கிடையே மேற்கே நீண்டு செல்லும் நீரைப் பார்த்து, "இவ்வளவு அழகா இருக்குதே" என்றார். மகிழ்ச்சியில் சொன்னாரா, மனத்தாங்கலில் சொன்னாரா என்பது நமக்கு விளங்கவில்லை.

எனவே இனிக் கேட்போர்க்கு நாம் சொல்வது இது: முன்பனியிலும் கோடையிலும் ஆற்று வழி போகலாம்; பகலில் மட்டும் போகலாம். ஐப்பசி, கார்த்திகையில் அணை நிரம்பிக் காட்சி மிகும், ஆசையும் மிகும். அப்போது செஞ்சி வழியே செல்க. புறப்படுமுன் மதகு திறப்பு அறிவிப்பு உண்டா என்று விசாரிக்க. தரைப்பாலத்தின்மீது நீர் ஓடினால், அது கணுக்கால் அளவேயாயினும், வண்டியைத் திருப்புக. உள்ளூர் ஆடு மேய்ப்பவர் 'வேண்டாம்' என்றால், கைப்பேசி 'போ' என்றாலும் போகற்க.

அணையில் அஸரு தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். இருட்டில் கிராமச் சாலை வேண்டாம் என்று ஓட்டுநர் மறுத்ததால் திருவண்ணாமலை வழியாகவே திரும்பினோம். தண்டராம்பட்டைத் தாண்டும்போது தமக்கையார், "அந்தப் பாலத்தை மறுபடி கட்டுவாங்களா தம்பி?" என்று ஓட்டுநரைக் கேட்டார்.

"கட்டுவாங்கம்மா."

"கட்டட்டும். அப்புறம் ஒரு தரம் வருவோம்" என்று சொல்லிவிட்டுத் தேக்சாவில் மீந்திருந்த சோற்றைப் பிள்ளைகளுக்குப் பங்கிடத் தொடங்கினார்.