கூந்தல் சொல்லும் சேதி

பாண்டிய மன்னன் ஒருவனுக்கு ஒரு நாள் சந்தேகம் வந்தது. ஸ்திரீகளின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா, இல்லையா என்பதுதான் அந்தச் சந்தேகம். அதைத் தீர்ப்பவருக்குப் பொற்கிழி என்று பறை சாற்றினார்கள். தருமி வந்தான், நக்கீரர் எழுந்தார், கடைசியில் சிவபெருமானே சபையில் வந்து வாதாடும்படி ஆயிற்று. இவ்வளவு அமர்க்களத்துக்கும் காரணமான கூந்தலையுடைய ராணியைக் கூப்பிட்டு, "அம்மா, தாங்கள் சௌக்கியமா? தலைமுடி கொட்டாமல் இருக்கிறதா?" என்று கேட்டவர் மட்டும் ஒருவருமில்லை.

அன்று முதல் இன்று வரை நம்மவர்களின் வழக்கம் இதுவே. கூந்தலைப் பற்றி ஊரே பேசும். கூந்தலுக்கு உரியவளை யாரும் விசாரிப்பதில்லை.

ஒரு வீட்டில் ஒரு பெண்ணுக்கு முடி கொட்டுகிறது என்று வெளியே தெரிந்துவிட்டால் போதும். வைத்தியம் சொல்லாதவர் பாவி! கறிவேப்பிலையைத் தேங்காயெண்ணெயில் காய்ச்சித் தடவச் சொல்வார் ஒருவர். வெங்காயச் சாறே கண்கண்ட மருந்து என்பார் மற்றொருவர். குழாய்த் தண்ணீரின் உப்பைக் குற்றம் சொல்வார் எதிர்வீட்டுக்காரர். கண் பட்டுவிட்டது என்று பாட்டியார் மிளகாய் சுற்றிப் போடுவார். மொட்டை அடித்தால் அடர்த்தியாக முளைக்கும் என்று தைரியம் சொல்பவர்களும் உண்டு. ஆனால் சவரம் செய்வதால் ரோமம் தடித்தோ வேகமாகவோ வளருவதில்லை என்பது 1928-லேயே பரீட்சை செய்து பார்த்த விஷயம். கத்தி வெட்டுவது தோலுக்கு மேலே உள்ள உயிரற்ற இழையை. வளர்ச்சி நடப்பதோ தோலுக்குக் கீழே உள்ள வேரில். மேலே நடப்பது வேருக்குத் தெரியவே தெரியாது.

நம் தமக்கையின் பெண்ணுக்கு வயது இருபத்தெட்டு. உத்தியோகம் பார்க்கிறாள், ஒரு குழந்தைக்குத் தாயார். சில மாதங்களாக அவள் வகிட்டை இடம் மாற்றி எடுப்பதையும், கல்யாண வீடுகளில் புகைப்படக்காரரைக் கண்டால் நழுவுவதையும் கவனித்து வந்தோம். விசாரித்தபோது அவள் ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொண்டுவந்து வைத்தாள். ஒரு வாரம் சீப்பில் வந்த முடி அத்தனையும் அதற்குள் சுருண்டு கிடந்தது.

"இதைக் கொடுத்தால் தெருவிலே வருகிறவன் ஒரு பாத்திரம் கொடுப்பான், மாமா! எண்ணெய் வாங்கிய கடனில் அதுவாவது மிச்சம்" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

அவள் அலமாரியில் ஐந்து தைலப் புட்டிகள் இருந்தன. ஐந்தின் மேலும் முழங்கால் வரையில் கூந்தல் தொங்கும் ஒரு பெண்ணின் படம்.

பிறகு மாப்பிள்ளையையும் அழைத்துக்கொண்டு ஒரு டாக்டர் அம்மாளிடம் போனோம். அந்த அம்மாள் தலையைப் பார்த்தது இரண்டு நிமிஷம். கேள்வி கேட்டது அரை மணி. ஆறு மாதத்துக்குள் ஜுரம் வந்ததா? வந்தது, டெங்கு ஜுரம். மாதவிலக்கில் உதிரப் போக்கு அதிகமா? அதிகந்தான், குழந்தை பிறந்ததிலிருந்து அப்படித்தான். கடைசியாக ஒரு கேள்வி கேட்டார்: "உங்கள் வீட்டில் எல்லோருக்கும் பின்னால் சாப்பிடுவது யார்?" நம் பெண் தலை குனிந்தாள். மாப்பிள்ளை கூரையைப் பார்த்தார்.

ரத்தப் பரிசோதனையில் விஷயம் வெளியாயிற்று. பெண்களுக்குக் குறைந்தது 12 கிராம் இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் அவளுக்கு 8 தான் இருந்தது. "தலையிலே வியாதி இல்லை. ரத்தத்திலே பஞ்சம். பஞ்ச காலத்தில் உடம்பு முதலில் அலங்காரச் செலவைத்தான் குறைக்கும்" என்றார் டாக்டர் அம்மாள்.

அவர் விளக்கியதையும், பிறகு நாம் தேடிப் படித்ததையும் நேயர்களுக்குச் சொல்வது பயன்படும் என்று நினைக்கிறோம்.

மனிதர் தலையில் சுமார் 1,00,000 முடிகள் இருக்கின்றன. ஒவ்வொரு முடியும் மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வீதம் 2 முதல் 6 வருஷம் வரை வளருகிறது. பிறகு ஏறக்குறைய 3 மாதம் ஓய்வு எடுத்துக்கொண்டு உதிர்கிறது. அந்த இடத்தில் புது முடி முளைக்கிறது. ஆகையால் தினம் 50 முதல் 100 முடி வரையில் உதிர்வது இயற்கை. பெரிய காரியாலயத்தில் தினம் சிலர் ரஜா எடுப்பதில்லையா, அதைப் போல. ஆனால் கடும் ஜுரம், பிரசவம், அறுவைச் சிகிச்சை, பட்டினி, தாங்க முடியாத துக்கம் முதலியவை தாக்கும்போது, ஏராளமான முடிகள் ஒரே சமயத்தில் ரஜாச் சீட்டு எழுதிக் கொடுத்துவிடுகின்றன. இரண்டு மூன்று மாதம் கழித்து எல்லாம் சேர்ந்து உதிர்கின்றன. 1961-ல் கிளிக்மன் என்ற அமெரிக்கத் தோல் வைத்தியர் இதை விவரித்துப் பெயரிட்டார். 2020, 2021-ம் வருஷங்களில் கொரோனாவிலிருந்து பிழைத்த எத்தனையோ பேர், இரண்டு மூன்று மாதம் சென்ற பிறகு முடி கொத்தாக வருகிறதே என்று பயந்ததற்குக் காரணம் இதுவே. ஜுரம் வந்ததை மனம் மறந்துவிடுகிறது; தலை மறப்பதில்லை.

இவ்வகை உதிர்தலில் வேர் சாவதில்லை. காரணம் நீங்கினால் ஆறு மாதம், ஒரு வருஷத்துக்குள் பெரும்பாலும் முடி திரும்பிவிடும். பிள்ளை பெற்ற பெண்களுக்கு நாம் சொல்லவேண்டிய ஆறுதல் அதுதான். "குழந்தை சிரித்தால் தாய்க்கு முடி கொட்டும்" என்கிறார்கள். குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கும் மாதமும், ரஜா முடிந்த முடிகள் உதிரும் மாதமும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் பழி குழந்தையின் மேல் விழுகிறது!

ஆனால் காரணம் நீங்காமல் நீடித்தால்? 2019-21-ல் நடந்த தேசீயக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் 100-க்கு 57 பேருக்கு ரத்த சோகை. தமிழ்நாட்டில் 100-க்கு 53 பேருக்கு. இத்தனை பேர் வெளிறிப்போய், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கி நின்றபோது வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை. முடி கொட்டியதும் மட்டும் எண்ணெய் வாங்க ஓடுகிறோம்.

வேறு காரணங்களும் உண்டு. தைராய்டுச் சுரப்பி மந்தமானாலும் அதிகம் வேலை செய்தாலும் முடி உதிரும். மாதவிலக்கு ஒழுங்கின்றி வந்து, முகத்திலும் ரோமம் வளர்ந்தால் சினைப்பையைக் கவனிக்க வேண்டும். வமிசத்தில் வரும் உதிர்தல் ஒன்று இருக்கிறது. ஆடவர்களுக்கு நெற்றி ஏறுவது போல் அல்லாமல், பெண்களுக்கு முன்வரிசை அப்படியே நிற்க, வகிடு மாத்திரம் வருஷத்துக்கு வருஷம் அகலமாகும். லுட்விக் என்பவர் 1977-ல் இதை மூன்று படிகளாகப் பிரித்தார். காசு அளவு வட்டமாகச் சொட்டை விழுவதைப் 'புழுவெட்டு' என்கிறோம். அதில் புழுவுமில்லை, வெட்டுமில்லை. உடம்பின் காவற்படையே மதிமயங்கி வேர்களைத் தாக்குவதால் நேர்வது அது. அந்த இடத்தில் கண்டதைத் தேய்த்துப் புண்ணாக்குவது வீண் வேலை. பலருக்குத் தானே முளைத்துவிடும். அல்லாதவர்களுக்கு ஊசி மருந்து உண்டு.

இறுக்கிக் கட்டுவதாலும் கேடு உண்டு. கிரீன்லாந்து என்னும் பனி நாட்டில், கூந்தலை இழுத்து முடிந்த பெண்களுக்கு ஓரத்து முடி போய்விட்டதை 1907-லேயே எழுதி வைத்திருக்கிறார்கள். வலிக்கும்படி இழுத்துப் பின்னிச் சவுரியும் குஞ்சலமும் பூச்சரமும் ஏற்றும்போது, நம் ஊர்த் தாய்மார்களும் இதை நினைத்துக்கொள்வது நலம்.

இனி, சிகிச்சை. தேங்காயெண்ணெயை நாம் நிந்திக்கவில்லை. அது இழையைக் காக்கும்; சிக்கு எடுக்க உதவும்; பாட்டி கையால் தேய்த்தால் தூக்கமும் வரும். வேரை எழுப்புவது மட்டும் அதன் தொழிலன்று. இரும்புச் சத்துக் குறைந்தவர்கள் வைத்தியர் சொல்லும் மாத்திரையை எலுமிச்சைச் சாற்றுடன் சாப்பிடலாம். காப்பியுடன் சாப்பிட்டால் சத்து சேராது. வகிடு அகலும் வகைக்கு 'மினாக்ஸிடில்' என்ற மருந்து இருக்கிறது. முதலில் ரத்தக் கொதிப்புக்காக வந்த மாத்திரை அது. தின்றவர்களுக்கு எதிர்பாராத இடங்களிலெல்லாம் ரோமம் வளர்ந்ததைக் கண்டு, தலையில் தடவும் மருந்தாக்கினார்கள். அமெரிக்காவில் 1988-ல் ஆடவருக்கும் 1991-ல் பெண்களுக்கும் அனுமதி கிடைத்தது. இதில் பலன் தெரிய நாலு முதல் ஆறு மாதம் ஆகும். ஆரம்பத்தில் சில வாரம் உதிர்தல் அதிகமாகவும் கூடும். நிறுத்தினால் வந்த முடி போய்விடும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தொடக்கூடாது. ஆகவே வைத்தியரைக் கேளாமல் வாங்கவேண்டாம்.

'பயோட்டின்' மாத்திரைகள் கடைதோறும் விற்கின்றன. அந்தச் சத்துக் குறைவு இல்லாதவர்களுக்கு அதனால் பயன் உண்டென்பதற்குச் சரியான ருசு இல்லை. அதோடு, தைராய்டு முதலான ரத்தப் பரிசோதனைகளையே அது தப்பாகக் காட்டச் செய்யலாம் என்று அமெரிக்க மருந்து அதிகாரிகள் 2017-ல் எச்சரித்தார்கள். பரிசோதனைக்குப் போகிறவர்கள் அதைச் சாப்பிடுவதாக முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஒன்றில் மட்டும் தாமதம் கூடாது. முடி போன இடத்தில் எரிச்சலும் வலியும் இருந்து, தோல் வழவழவென்று மினுங்கினால், அங்கே வேரே வடுவாகி அழிந்துகொண்டிருக்கலாம். அழிந்த வேர் திரும்பாது. அப்படிப்பட்டவர்கள் அடுத்த தைலப் புட்டிக்குக் காத்திராமல் அன்றே தோல் வைத்தியரைப் பார்க்க வேண்டும்.

நம் பெண்ணின் கதையைச் சொல்லிவிடுகிறோம். உதிரப் போக்குக்குச் சிகிச்சை நடந்தது. மாதக் கணக்கில் இரும்பு மாத்திரை சாப்பிட்டாள். இலை போடும்போதே அவளும் உட்கார்ந்துவிட வேண்டும் என்று மாப்பிள்ளை சட்டம் போட்டார். ஐந்தாவது மாதத்தில் நெற்றி ஓரத்தில் அறுகம்புல் மாதிரி சிறு முடிகள் நிமிர்ந்து நின்றன. சீப்புக்கு அடங்கவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டாள். அதைப் போல் இன்பமான குறையை நாம் சமீபத்தில் கேட்டதில்லை.

எல்லோருக்கும் இப்படி முழுவதும் திரும்பிவிடும் என்று சொல்வது பொய்யாகும். சிலருக்குக் கொஞ்சந்தான் வரும். சிலருக்கு இருப்பதைக் காப்பதே வெற்றி. அவர்களைப் பார்த்து, "முடிதானே, உயிரா போய்விட்டது?" என்று கேட்பவர்கள், தாங்கள் பெண் பார்க்கப் போனபோது முதலில் எதைப் பார்த்தார்கள் என்பதைச் சற்று ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும். பின்னல் நீளத்தை அளந்து மதிப்புப் போட்ட சமூகம், அது குறையும்போது வருத்தப்படாதே என்று உபதேசம் செய்வது நியாயமன்று.

ஆகையால் குடும்பத் தலைவர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டுக் குளியலறையில் முடி சுருண்டு கிடந்தால், சாக்கடை அடைத்துக்கொள்ளும் என்று கூச்சல் போடாதீர்கள். "நீ சாப்பிட்டாயா? உடம்பு எப்படி இருக்கிறது?" என்று முதலில் கேளுங்கள். எந்தக் கடையிலும் விற்காத மருந்து அது. நக்கீரர் சபையில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வியும் அதுதான்.